மாலைதீவில் என் வகுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும், எதைச் சொல்வது, எதை விடுவது?

கோப்பாய்க் கணக்கு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் அரச பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவள் நான். 2022இல் நாடு கிடந்த கிடையில், வெளிநாட்டில் வேலை எடுக்கும் அரச ஊழியருக்கு 5 வருஷம் வரை சம்பளமில்லா விடுமுறை என்று சுற்றறிக்கை வந்ததே, அந்த அலையில் வெளிக்கிட்டு அந்த வருஷக் கடைசியில் மாலைதீவில் ஒரு சின்னத் தீவுக்கு வந்து சேர்ந்தேன். தீவின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கரையில் இருந்து மற்றக் கரைக்கு நடக்க இருபது நிமிஷம் போதும், பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. விடுமுறை இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனால் மகளுக்கு இந்த வருஷம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், அவளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் இனி ஏலாது. மாசியோடு ஊருக்கு வருகிறேன்.

என் இடத்துக்கு வருபவளும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். யாழ் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து இரண்டு வருஷம் வேலைக்கு அலைந்தவள், முதல் வெளிநாடு, முதல் விமானம். வியாழன் பின்னேரம் வந்து இறங்குகிறாள், நான் திங்கள் காலை போகிறேன். நாலு நாள் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. இரண்டு பேரும் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் நிற்கப் போவது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் நோன்பு மாதத்தில், நேரம் குறைந்த நாளில்.

அதிபர் ஒரு ஒப்படைப்புக் கோவை கேட்டார். பாடத்திட்டம், புள்ளிகள், வரவு இடாப்பு, அலுமாரிச் சாவி எல்லாம் ஆயத்தம். என் கரைச்சல் அந்தக் கோவைக்குள் அடங்காத இரண்டு விஷயம்.

முதலாவது, பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு எழுதுவது? யார் விளங்காமலே தலையாட்டுவான், யார் வீட்டுக்கணக்கை அக்காவைக் கொண்டு செய்விப்பாள் என்று மூன்று வருஷம் பார்த்த எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தால் அவளுக்கு லேசு. ஆனால் நான் போட்ட கண்ணாடியை அவள் கண்ணிலும் மாட்டிவிடுகிறேனோ என்று ஒரு யோசனை.

இரண்டாவதுதான் நித்திரையைக் கெடுக்கிறது. பத்தாம் வகுப்பில் 23 பேர், வைகாசியில் கேம்பிரிட்ஜ் பரீட்சை. பெற்றோர் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து, "மிஸ், ஊருக்குப் போனாலும் பரீட்சை வரைக்கும் சூமில் படிப்பியுங்கள், காசு தருகிறோம்" என்று கேட்டார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் நிற்கச் சொல்கிறார்கள். எனக்கும் விட்டுவிட்டுப் போக மனம் இல்லை. காசும் தேவைதான், மறைக்கவில்லை. வருபவள் இதை எப்படி எடுத்துக்கொள்வாள்?

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பழைய பௌதிகம் எழுதியது:

தங்கச்சி, மாலைதீவில் இரண்டு தீவுகளில் 11 வருஷம் பௌதிகம் படிப்பித்துவிட்டு இப்போது பருத்தித்துறையில் குந்தியிருக்கிறேன். இரண்டு தரம் வகுப்பை வாங்கினவன், இரண்டு தரம் கொடுத்தவன். உங்கள் இரண்டாவது கேள்வியைப் பெண் பிள்ளைகள் யாராவது என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், நான் கோவைக்கு வருகிறேன். கோவை ஆயத்தம் என்கிறீர்கள், எனக்கு நம்பிக்கை இல்லை.

எல்லாரும் முடித்த அலகுகளை எழுதுவார்கள். எந்தக் கடந்தகால வினாத்தாளைப் பிள்ளைகள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள், எது தொடாமல் கிடக்கிறது என்று எழுத மாட்டார்கள். நான் போய் இறங்கிய முதல் மாதம் ஒரு பழைய தாளை எடுத்து மாதிரிப் பரீட்சை வைத்தேன். அரை மணித்தியாலத்தில் முழு வகுப்பும் பேனையை மூடிவிட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தது. பெரிய மூளைசாலிகளிடம் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அன்று இரவு வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். எனக்கு முன் இருந்தவர் அதே தாளை இரண்டு கிழமைக்கு முன்புதான் வரி வரியாகச் செய்து காட்டியிருக்கிறார்.

அடுத்தது கல்குலேட்டர். எங்கள் சாதாரண தரக் கணிதத்தில் அதற்கு இடமே இல்லை, மடக்கை அட்டவணைதான். அங்கே ஏழை எட்டால் பெருக்கவும் பிள்ளை பொத்தானை அமத்தும். வருகிற பிள்ளை இதைப் பார்த்து முதல் நாளே திகைத்துப் போய்விடும், சொல்லி வையுங்கள். ஆனால் உங்கள் பள்ளிக்கூடம் எடுப்பது கேம்பிரிட்ஜின் 0580 கணிதப் பாடத்திட்டம் என்றால் 2025 பரீட்சையில் இருந்து ஒரு தாள் கல்குலேட்டர் இல்லாமல்தான். அந்தத் தாளில் எங்கள் ஊர்ப் பிள்ளையை வெல்ல ஆள் இல்லை. பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் கையால் செய்து வளர்ந்தவள். அவள் வந்தவுடன் அந்தத் தாளை அவளிடம் கொடுங்கள், முதல் கிழமையிலேயே பிள்ளைகள் அவளை மதிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

பெயர்கள். வரவு இடாப்பில் நாலு பாத்திமத், மூன்று ஆயிஷத், அகமதும் முகமதும் எண்ணிமுடியாது. வகுப்பில் கூப்பிடும் பெயர் ஒவ்வொருவருக்கும் வேறு. அந்தப் பெயரை இடாப்புப் பெயருக்கு நேரே எழுதி, இருக்கிற இடத்தையும் ஒரு படமாகக் கீறிக் கொடுங்கள். நான் ஒரு முழு மாதம் பிழையான பாத்திமத்தை ஏசியிருக்கிறேன்.

இன்னொன்று, பிள்ளை தமிழில் கணிதம் படித்தவள் என்று நினைக்கிறேன். தாயம் என்று பழகிய வாய்க்கு மேட்ரிக்ஸ் வர ஒரு தவணை எடுக்கும். படித்திறன், தொடை, மடக்கை எல்லாம் அப்படித்தான். நீங்களும் முதல் வருஷம் ஒரு கொப்பியில் சொற்களை எழுதி வைத்திருப்பீர்கள், அதைக் குப்பையில் போடாமல் அவளிடம் கொடுங்கள். அந்த நாட்டு மொழியான திவெகியை ஒரு பாடமாகவும் இஸ்லாத்தை ஒரு பாடமாகவும் வைத்துவிட்டு மற்றது அநேகமாக எல்லாம் அங்கே ஆங்கிலத்தில்தான்.

கடைசியாக, வியாழன் பின்னேரம் வந்து இறங்குவது பிழையான திட்டம். விமானம் கொஞ்சம் பிந்தினால் படகு போய்விடும், என் காலத்தில் வெள்ளிக்கிழமை அரச படகு ஓடாது, மாலேயில் அறை எடுத்து இரண்டு நாள் நிற்க வேண்டி வரும். அப்படி நடந்தால் உங்கள் நாலு நாளும் போச்சு. ரிக்கெற்றை முன்னுக்கு மாற்ற ஏலுமா என்று பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். அவளுடைய பெட்டியில் சாமிச் சிலை இருந்தால் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மதுவும் பன்றி இறைச்சியும் போல வழிபாட்டுச் சிலைகளையும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை. அம்மாமார் கடைசி நேரத்தில் உடுப்புக்கு நடுவில் பிள்ளையாரை வைத்துவிடுவார்கள்.


ஆய்வுகூடச் சாவி எழுதியது:

அக்கா, நான் வந்தவள் பக்கம் நின்று எழுதுகிறேன். ஐயா சொன்ன அந்தப் "பெண் பிள்ளை" நானாகவே இருக்கட்டும்.

2018இல் இரசாயனம் படிப்பிக்கப் போனேன், அதே நாடு, வேறு தீவு. எனக்கு முன் இருந்தவர் எங்கள் ஊர் அக்காதான், தங்கமான மனுஷி. போகும்போது அழுதுகொண்டு போனார், ஆனால் வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போகவில்லை. நான் பகலில் மூல் கணக்கை ஒரு விதமாகச் செய்து காட்டுவேன். இரவு ஒரு பெடியன் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு "மிஸ், இது சரியா?" என்று கேட்பான். கேட்பது என்னை இல்லை. அந்த அக்கா ஊரில் இருந்து பொறுமையாகத் தன்னுடைய முறையில் செய்து அனுப்புவார், கீழே "புது மிஸ் சொன்னதும் சரிதான்" என்று ஒரு வரி வேறு. அந்த வரிதான் என்னைக் கொன்றது. கெட்ட எண்ணம் ஒரு சொட்டும் இல்லாத ஆளைக் கோபிக்கவும் ஏலாது, அதிபரிடம் போய் என்னவென்று முறையிடுவது? அந்த வகுப்பு என்னுடைய வகுப்பாக ஆறு மாதம் போனது.

சூமும் அதேதான். காசு வாங்குகிறீர்களா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. சும்மா படிப்பித்தாலும் பிள்ளைகள் காலையில் அவளுக்கு முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு, "கோப்பாய் மிஸ் இரவு சொல்லித் தருவார்" என்று இருப்பார்கள்.

பிள்ளைகளைப் பற்றி எழுதுவது: அந்த அக்கா எனக்கு ஒரு பட்டியல் தந்தார். மூன்று பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு சொல். ஒருவனுக்கு "சோம்பேறி" என்று இருந்தது. நானும் நம்பி அவனைப் பின் வாங்கிலேயே விட்டுவிட்டேன். தகப்பனோடு விடியப்புறம் தோணியில் தூண்டில் மீனுக்குப் போய்விட்டு வருகிறவன், முதலாம் பாடத்தில் அவனுக்குக் கண் சொருகும் என்று இரண்டு தவணை கழித்துத்தான் தெரிந்தது. பட்டியலில் "முதலாம் பாடத்தில் நித்திரை கொள்வான்" என்று எழுதியிருந்தால் ஏன் என்று நானே போய் விசாரித்திருப்பேன். "சோம்பேறி" என்றால் விசாரிக்க என்ன மிச்சம்?

அதனால் கண்டதை எழுதுங்கள் அக்கா. ஒரு காது கேளாத பிள்ளை, கரும்பலகை தெரியாத பிள்ளை, தகப்பன் இறந்து நாலு மாதமான பிள்ளை, இதையெல்லாம் சொல்லாமல் விடுவது பாவம். மற்றதை அவளே கண்டுபிடிக்கட்டும்.


தட்டாதெருக் காகம் எழுதியது:

எனக்கு ஒருவரும் ஒரு கோவையும் தரவில்லை. ஒரு சாவி தந்தார்கள், அதுவும் பிழையான சாவி. தப்பிப் பிழைத்தேன்தானே. சூமில் படிப்பித்துக் காசை வாங்குங்கள் ரீச்சர், ஊரில் ஆசிரியர் சம்பளம் என்னவென்று மறந்துபோச்சோ?


கோப்பாய்க் கணக்கு எழுதியது:

காகத்தாருக்கு: சம்பளம் மறக்கவில்லை, வந்ததே அதனால்தான். சாவிக் கதைக்குச் சிரித்துவிட்டேன்.

பழைய பௌதிகம் ஐயா, ஓம், எங்களுடையது 0580தான். வினாத்தாள் விஷயம் என் கோவையில் இல்லவே இல்லை, நேற்று இரவு இருந்து எழுதினேன், ஒன்றரைப் பக்கம் வந்தது. ரிக்கெற்றுக்கும் கேட்டிருக்கிறேன்.

ஆய்வுகூடச் சாவி தங்கச்சி, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். என் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதில் "வராது" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஆசிரியர் மாறுவது பிள்ளைகளின் பிழை இல்லையே. அவள் சமாளிக்க முடியாமல் போனால்? நான் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருப்பதும் சரியாகப் படவில்லை.


நைஜீரியா வீட்டுப் பிள்ளை எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, ஆனால் அப்பா ஆசிரியர், அதனால் எழுதுகிறேன்.

80களில் எங்கள் பக்கம் ஒழுங்கைக்கு ஒரு நைஜீரியா வீடோ சாம்பியா வீடோ இருக்கும், வயது போனவர்களுக்கு நினைவிருக்கும். அப்பா நைஜீரியாவின் வடக்கில் கணிதம் படிப்பித்தார். 1986இல் நைரா விழுந்த பிறகு சம்பளத்தை மாற்றி அனுப்பி ஒன்றும் மிஞ்சவில்லை, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டார்கள், அப்பாவும் வந்துவிட்டார். அவருடைய வகுப்பை எடுத்தது அந்த ஊர் இளம் ஆசிரியர் ஒருவர். அவருக்கு அப்பா ஒரு கொப்பி எழுதிக் கொடுத்தார், அதன் இரண்டாம் பிரதி இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. முக்கால்வாசி கணிதமே இல்லை. ஹர்மத்தான் காற்று வீசும் மாதங்களில் தூசி வந்து கரும்பலகையை மூடும், ஈரத்துணி வைத்திரு. இரண்டாம் வரிசை யன்னல் சாத்தாது. சமையற்காரர் கோபக்காரர், ஆனால் பிள்ளை ஒன்று பசியோடு வந்தால் முதலில் அவரிடம்தான் அனுப்ப வேண்டும். இப்படி.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்த இளைஞர் ஒரு வருஷமாக வான்கடிதம் எழுதினார், அந்த நீலக் கடதாசி. இந்தக் கணக்கை நீங்கள் எப்படித் தொடங்குவீர்கள், இன்ன பிள்ளை பேசுகிறானே இல்லை, என்ன செய்யலாம் என்று. அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். பிள்ளைகளும் எழுதினார்கள், அவர்களுக்கு "நன்றாகப் படியுங்கள், உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்" என்று ஒற்றை வரிதான். கடிதம் போய்ச் சேரக் கிழமைக்கணக்கு, அதற்குள் அந்த இளைஞரே பாதிக் கேள்விக்கு விடை கண்டுபிடித்திருப்பார் என்று அப்பா சிரிப்பார். உங்களுக்கு வாட்ஸ்அப் இருப்பதுதான் கரைச்சல் போல இருக்கிறது.

அவள் கேட்டால் அவளுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அவள் சொல்லட்டும்.


சுன்னாகம் மினிபஸ் எழுதியது:

யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். தீவிலேயே பின்னேரம் ரியூசன் பிள்ளைகள் வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் புதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட வேண்டாம். வேலை அனுமதியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வேலை செய்யலாம், வெளியே காசுக்குப் படிப்பித்து மாட்டினால் அனுமதியே போய்விடும். உங்கள் மூன்று வருஷம் சுகமாகப் போயிருக்கலாம், அவளுக்கு அப்படி அமைய வேண்டும் என்று இல்லை.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். சம்பளம் மாலைதீவு ரூபியாவில், வங்கிப் பலகையில் ஒரு டொலர் 15.42 என்று வருஷக்கணக்காக அசையாமல் நிற்கும், ஆனால் அந்த விலைக்கு டொலர் தா என்று போய் நின்றால்தான் தெரியும். ஒப்பந்தத்தைப் பார்த்து வீட்டில் எல்லாரும் 15.42ஆல் வகுத்துக் கனவு கண்டுகொண்டு இருப்பார்கள்.

சான்றிதழ்களை உறுதிப்படுத்த அவள் கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை, யாழ் கச்சேரியிலேயே, அதுதான் மாவட்டச் செயலகத்திலேயே, கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு இல்லாமல் விமானம் ஏறவும் வேண்டாம்.


கோப்பாய்க் கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரியூசன் நான் வைத்திருக்கவில்லை, மினிபஸ் அண்ணை, பயம்தான் காரணம்.

நேற்று அவளோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். பெற்றோர் சூம் வகுப்புக் கேட்ட விஷயத்தை நானே சொல்லிவிட்டேன், வந்த பிறகு வேறு யாரும் சொல்லி அவள் அறியக் கூடாது. கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் வெட்டிவிட்டது என்று நினைத்து "ஹலோ ஹலோ" என்றேன். பிறகு, "அக்கா, முதல் மாதம் வேண்டாம். அதற்குப் பிறகு தேவை என்றால் நானே உங்களைக் கேட்கிறேன், அப்போது வருவீர்களா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு இருந்த பயத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. பெற்றோருக்கு இன்னும் சொல்லவில்லை. ஒரு தாய் என்னோடு கோபிக்கத்தான் போகிறார், அதற்கு மருந்து இல்லை.

வாட்ஸ்அப் குழுவை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வைத்தே அவளிடம் கொடுத்துவிட்டு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் வெளியே வருகிறேன். அழாமல் செய்ய வேண்டும்.

பட்டியலில் இருந்து "வராது", "குழப்படி", "கெட்டிக்காரி" எல்லாவற்றையும் வெட்டினேன். வெட்டி முடித்தால் 23 பேரில் 9 பேருக்குத்தான் எழுத ஏதாவது மிச்சம் இருந்தது. ஒருத்திக்கு வலது பக்கக் காது மந்தம். ஒருவன் எண்கோட்டை வலமிருந்து இடமாகக் கீறுவான், திவெகி எழுதிய கை அப்படியே வந்துவிடுகிறது, இலக்கத்தை மட்டும் சரியாக எழுதுவான். மற்ற 14 பேரைப் பற்றி மூன்று வருஷத்தில் நான் கண்டது என்ன என்று இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரிக்கெற்றும் மாற்றிவிட்டார்கள், செவ்வாய் வருகிறாள். புதன், வியாழன், ஞாயிறு என்று பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் கிடைக்கும்.

குசினிச் சாமான் எல்லாம் அவளுக்கே விட்டுவிட்டு வருகிறேன், இடியப்ப உரல் உட்பட. என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டாள். சரக்குத் தூள் ஒரு கிலோவும் பிட்டு அவிக்க ஒரு ஓலை நீத்துப்பெட்டியும் என்றேன், என்னுடையது இந்தக் கடற்காற்றில் உக்கிப் போய்விட்டது.


பழைய பௌதிகம் எழுதியது:

நீத்துப்பெட்டி இரண்டாக வாங்கச் சொல்லுங்கள். அதிபர் வீட்டில் ஒரு நாள் பிட்டு அவித்துக் கொடுத்தால் அடுத்த நாளே அவர் மனைவி ஒன்று கேட்பார். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தையில் எடுக்கலாம்.